கரியமில வாயு காற்றில் 0.04 சதவீதம்தான் இருக்கிறது, அது எப்படிப் பூமியைச் சூடாக்கும்?

தெப்பக்குளம் எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இருக்கும் சந்தேகத்தை நேராகவே கேட்டுவிடுகிறேன். காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்ஸிஜன் 21 சதவீதம். கரியமில வாயு வெறும் 0.04 சதவீதம். பத்தாயிரம் மூலக்கூறுகளை எடுத்தால் அதில் நாலுதான் கரியமில வாயு. அந்த நாலிலும் மனிதன் சேர்த்தது ஒன்றரைக்குள்தான் இருக்கும். இந்த ஒன்றரை மூலக்கூறு கடலையும் மலையையும் சேர்த்துச் சூடாக்குகிறது என்றால் எப்படி நம்புவது?

அப்புறம், பூமி இதற்கு முன்னாலும் சூடாகியிருக்கிறது, குளிர்ந்திருக்கிறது. பனியுகம் வந்தபோதும் போனபோதும் ஒரு கார்கூட ஓடவில்லை. எரிமலைகள் கக்குவது எவ்வளவு? சூரியனே கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்தால்?

யாரையும் சீண்டுவதற்காகக் கேட்கவில்லை. "விஞ்ஞானிகள் எல்லாரும் சொல்கிறார்கள்" என்று மட்டும் பதில் போடாதீர்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் என் கேள்வி.

வடமராட்சி எழுதியது:

நல்ல கேள்வி அண்ணை. எங்களுக்குப் பச்சைவீட்டு விளைவு படிப்பிக்கும்போது ஒரு கண்ணாடி வீட்டுப் படத்தில் நாலு அம்புக்குறி போட்டு முடித்துவிட்டார்கள். இந்த 0.04 கணக்கை யாரும் விளங்கப்படுத்தவில்லை. பதிலுக்கு நானும் காத்திருக்கிறேன்.

சோதனைச்சாலை எழுதியது:

தெப்பக்குளம், உங்கள் கணக்கு சரி. ஆனால் வெப்பம் என்று வரும்போது அந்த 99 சதவீதத்தை முதலில் ஓரமாக வைத்துவிட வேண்டும்.

பூமி சூரிய ஒளியை வாங்கிச் சூடாகிறது. வாங்கிய சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இருப்பதே தெரியாதது போல அந்தக் கதிர் அவற்றைக் கடந்து போய்விடும். காரணம், இரண்டும் ஒரே அணு இரட்டையாகச் சேர்ந்த மூலக்கூறுகள். அவை அதிர்ந்தாலும் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னுமாகப் பிரிவதில்லை. கதிருக்கு அங்கே பிடிமானம் கிடையாது. கரியமில வாயுவில் நடுவில் ஒரு கார்பன், இரு பக்கமும் ஆக்ஸிஜன். அந்த மூன்றும் வளைந்து வளைந்து அதிரும்போது மின்சமநிலை குலைகிறது. 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி வரும் கதிரை விழுங்கிவிடுகிறது. பூமி வெப்பத்தை அதிகமாக அனுப்பும் அலைநீளங்களும் அந்தப் பக்கம்தான். விழுங்கிய சூட்டைப் பக்கத்து மூலக்கூறுகளோடு மோதிப் பகிர்ந்துகொள்ளும், எல்லாத் திசையிலும் மறுபடி கதிராக விடும். அதில் ஒரு பங்கு கீழே, நம் பக்கம் வருகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1856-ல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழல்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, உள்ளே வெப்பமானி வைத்து, வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழல்தான் அதிகம் சூடேறியது, நிழலுக்குக் கொண்டுவந்த பிறகும் ஆற நேரமெடுத்தது. இந்த வாயு காற்றில் கூடினால் பூமியின் வெப்பம் கூடும் என்று அன்றைக்கே எழுதிவைத்தார். 1859-ல் லண்டனில் ஜான் டிண்டல் அகச்சிவப்புக் கதிரையே நேராகச் செலுத்தி, எந்த வாயு எவ்வளவு தடுக்கிறது என்று தனித்தனியாக அளந்தார். நைட்ரஜன், ஆக்ஸிஜன் தடுப்பதில்லை. நீராவியும் கரியமில வாயுவும் தடுக்கின்றன. 1896-ல் ஸ்வீடனின் அரீனியஸ், கரியமில வாயு இரண்டு மடங்கானால் எத்தனை டிகிரி கூடும் என்று பேனா பிடித்துக் கணக்குப் போட்டார். 5-6 டிகிரி என்று வந்தது. இன்றைய மதிப்பீடு 3 டிகிரியை ஒட்டி. கணினி இல்லாத காலத்தில் அந்த அளவுக்கு அருகில் வந்ததே பெரிய விஷயம் என்பேன்.

"கொஞ்சம்தானே" என்ற பேச்சுக்கு ஒரு கணக்கு. காற்று மண்டலத்தில் உள்ள கரியமில வாயுவை மட்டும் பிரித்து, தரைமட்ட அழுத்தத்தில் பூமியைச் சுற்றிப் பரப்பினால் ஏறக்குறைய 3.4 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். தொழிற்புரட்சிக்கு முன்னால் அது 2.2 மீட்டர். ஓசோனை அப்படிப் பரப்பினால் வெறும் 3 மில்லிமீட்டர்தான் வரும். அந்த 3 மில்லிமீட்டர்தான் சூரியனின் புறஊதாக் கதிரைத் தடுத்து நம் தோலையும் கண்ணையும் காப்பாற்றுகிறது. அளவு சிறியதா என்பதைவிட எந்தக் கதிரைத் தடுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வாயுக்கள் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரி. இருப்பதால் 15 டிகிரி. நாம் உயிரோடிருப்பதே அந்த 33 டிகிரியால்தான். விளைவு நல்லதுதான், அதை நாம் வேகமாகக் கூட்டிக்கொண்டே போவதுதான் சிக்கல்.

கணக்குப்பேரேடு எழுதியது:

சார், விளக்கம் தெளிவு. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, வெப்பத்தைப் பிடிப்பதில் பெரிய பங்கு நீராவிக்குத்தான் என்று நானும் படித்திருக்கிறேன். அப்படியிருக்க ஏன் கரியமில வாயுவையே பிடித்துத் தொங்குகிறோம்? இரண்டு, 15 மைக்ரான் கதிரை இருக்கிற வாயுவே முழுசாக விழுங்கிவிடுகிறது என்றால், மேற்கொண்டு வாயுவைச் சேர்த்தால் என்ன? விழுங்க மிச்சம் ஏது?

சோதனைச்சாலை எழுதியது:

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1900-லேயே ஆங்ஸ்ட்ராம் என்ற ஸ்வீடன் இயற்பியலாளர் இதே எதிர்ப்பைத்தான் சொன்னார். பல வருடங்கள் பலரும் அரீனியஸை ஒதுக்கிவைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தரையிலிருந்து கிளம்பும் 15 மைக்ரான் கதிர் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே விழுங்கப்பட்டுவிடுகிறது, உண்மை. ஆனால் விழுங்கிய வாயு மறுபடி கதிரை விடுகிறது, அதற்கு மேலே உள்ள வாயு விழுங்குகிறது. இப்படிக் கைமாறிக் கைமாறி மேலே போகிறது. போகப் போகக் காற்று மெலிகிறது. ஓர் உயரத்துக்கு மேல் விழுங்க ஆளில்லாமல் கதிர் விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. பூமி எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதை முடிவுசெய்வது அந்த உயரத்தில் இருக்கும் வெப்பநிலைதான். வாயுவைக் கூட்டினால் தப்பிக்கும் உயரம் இன்னும் மேலே நகர்கிறது. நாம் வாழும் இந்தக் காற்றடுக்கில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஆக, முன்பைவிடக் குளிர்ந்த இடத்திலிருந்து கதிர் கிளம்புகிறது. குளிர்ந்த இடத்திலிருந்து குறைவாகத்தான் வெப்பம் வெளியேறும். சூரியனிடமிருந்து வரும் வரவு மாறவில்லை, செலவு குறைகிறது. மீந்த வெப்பம் கீழே தங்குகிறது, மறுபடி வரவும் செலவும் சமமாகும்வரை.

1950-களில் கில்பர்ட் பிளாஸ் கணினியை வைத்து அடுக்கடுக்காக இந்தக் கணக்கைப் போட்ட பிறகு "நிறைந்துவிட்டது" வாதம் நிற்கவில்லை. வெள்ளிக் கிரகத்தைப் பாருங்கள். மேகம் மூடியிருப்பதால் அது உள்வாங்கும் சூரிய வெப்பம் பூமியைவிடக் குறைவு. ஆனாலும் தரையில் 460 டிகிரி. காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு, அழுத்தம் இங்கே இருப்பதைப் போல் 90 மடங்கு. அங்கேயும் நிறைந்து முடிந்துவிடவில்லை.

நீராவி விஷயம். நீங்கள் படித்தது சரிதான், அதன் பங்குதான் பெரிது. ஆனால் நீராவி தானாகக் கூட முடியாது. கூடுதலாக ஏற்றினால் பத்து நாளில் மழையாகக் கொட்டிவிடும். காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை வெப்பநிலை முடிவுசெய்கிறது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும், அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு. அது முதலில் ஒரு டிகிரி கூட்டினால் நீராவி பின்னாலேயே வந்து அதைப் பெருக்குகிறது. அரீனியஸ் இதையும் தன் கணக்கில் சேர்த்திருந்தார்.

தெப்பக்குளம் எழுதியது:

சார், 0.04 விஷயம் இப்போது பிடிபடுகிறது. ஆனால் கூடியிருக்கும் வாயு நம்முடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? கடலிலிருந்து வந்திருக்கலாம், எரிமலையிலிருந்து வந்திருக்கலாம். வாயுவில் பெயரா எழுதியிருக்கிறது?

சோதனைச்சாலை எழுதியது:

எழுதியிருக்கிறது. இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன், ஏனென்றால் இந்த மொத்த விஷயத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

கார்பனில் 12, 13, 14 என்று மூன்று எடை உண்டு. 14 கதிரியக்கம் உள்ளது, 5,730 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நிலக்கரி கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்தது, அதில் கார்பன்-14 துளிகூட மிச்சமில்லை. அதை எரித்து வரும் வாயுவிலும் இருக்காது. 1950-களில் ஹான்ஸ் சூஸ் மர வளையங்களை அளந்தபோது, தொழிற்சாலைகள் பெருகிய பிறகு வளர்ந்த மரத்தில் கார்பன்-14 விகிதம் குறைந்திருப்பதைக் கண்டார். மிகப் பழைய கார்பன் எங்கிருந்தோ காற்றில் கலந்திருக்கிறது.

நீங்கள் உடனே கேட்கலாம், எரிமலை வாயுவிலும் கார்பன்-14 இருக்காதே என்று. சரியான கேள்வி. அங்கேதான் 13 வருகிறது. செடிகொடிகள் ஒளிச்சேர்க்கையில் எடை குறைந்த 12-ஐத்தான் விரும்பி எடுக்கும். நிலக்கரியும் பெட்ரோலியமும் ஒருகாலத்தில் உயிராக இருந்தவை, அதனால் அவற்றில் 13 குறைவு. எரிமலை வாயுவில் அப்படிக் குறைவு இல்லை. காற்றில் 13-ன் விகிதம் வருடாவருடம் இறங்கிக்கொண்டே வருகிறது. ஆக, பழைய கார்பன், அதுவும் ஒருகாலத்தில் செடியாக இருந்த கார்பன்.

மூன்றாவது சாட்சி ஆக்ஸிஜன். கடலிலிருந்தோ எரிமலையிலிருந்தோ கரியமில வாயு வந்திருந்தால் காற்றின் ஆக்ஸிஜன் குறையக் காரணமில்லை. எரித்தால் மட்டும்தான் குறையும். ரால்ஃப் கீலிங் என்பவர் 1980-களின் கடைசியிலிருந்து அதை மிக நுட்பமாக அளந்துவருகிறார். எரிப்பதால் குறைய வேண்டிய போக்கில்தான் குறைகிறது. மூச்சுக்கு ஆபத்து வரும் அளவில்லை, ஆனால் சாட்சிக்குப் போதும். கடலும் வாயுவை வெளியே விடவில்லை. உள்ளே வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அதனால்தான் கடல்நீரின் அமிலத்தன்மை ஏறுகிறது.

ரால்ஃபின் அப்பா சார்லஸ் கீலிங்தான் 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவை அளக்க ஆரம்பித்தவர். அன்று பத்து லட்சத்தில் 315 பங்கை ஒட்டி இருந்தது. 2024-ன் சராசரி 424. அண்டார்டிகாவில் துளைத்தெடுத்த பனிக்கட்டியில் அடைபட்ட காற்றுக் குமிழிகளை வைத்து எட்டு லட்சம் வருடக் கணக்கு நம்மிடம் இருக்கிறது. அவ்வளவு காலத்திலும் 180-க்கும் 300-க்கும் நடுவில்தான் ஏறி இறங்கியிருக்கிறது.

வடமராட்சி எழுதியது:

எரிமலை பற்றி நான் தேடி வாசித்ததைச் சேர்க்கிறேன். உலகத்தில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெந்து எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு வெளிவிடும் கரியமில வாயு ஏறக்குறைய 3,700 கோடி தொன். எல்லா எரிமலைகளும் சேர்ந்து விடுவது அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991-ல் வெடித்தபோது வந்தது சுமார் 5 கோடி தொன். மனிதர் இன்றைக்கு அரை நாளில் விடுகிற அளவு. அதோடு அந்த எரிமலை உலகத்தைக் குளிரத்தான் வைத்தது. கந்தகத் துணிக்கைகள் மேலே போய் வெயிலை மறைத்து, ஒன்றிரண்டு வருடத்துக்கு அரைப் பாகை (டிகிரி) போலக் குறைத்துவிட்டது.

கணக்குப்பேரேடு எழுதியது:

கடைக்கணக்கு மாதிரிப் பார்த்தால் எனக்கு இது இன்னும் எளிதாகிறது. நாம் எரித்ததற்கு ரசீது இருக்கிறது: எத்தனை டன் நிலக்கரி, எத்தனை பீப்பாய் எண்ணெய் என்று. காற்றில் வருடாவருடம் கூடியிருப்பது அந்த மொத்தத்தில் ஏறக்குறைய பாதி. மீதியைக் கடலும் காடும் வாங்கிக்கொள்கின்றன. நாம் போட்டதைவிடக் குறைவாகத்தான் கல்லாவில் சேர்ந்திருக்கிறது என்றால், இயற்கை மொத்தமாகப் பார்த்தால் எடுத்துக்கொண்டிருக்கிறது, கொடுக்கவில்லை. கார்பனின் எடை வகைகளான ஐசோடோப்புக்கே போகத் தேவையில்லை.

சூரியன் பற்றிய கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். அதுதான் பாக்கி.

சோதனைச்சாலை எழுதியது:

அருமையான கணக்கு. சூரியனுக்கு வருகிறேன்.

1978-லிருந்து செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியின் அளவை நேராக அளக்கின்றன. 11 வருடச் சுழற்சியில் 0.1 சதவீதம் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். ஏறுமுகம் கிடையாது. வெப்பம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

அதைவிட வலுவான ஆதாரம் வேறு. சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமென்றால் கீழே சூடாகி, மேலே அடுக்கு மண்டலம் குளிர வேண்டும். 1967-ல் சியுகுரோ மனாபேயும் வெதரால்டும் ஒரு கணினி மாதிரியில் இதைச் சொன்னார்கள். அப்போது அதை அளக்கும் செயற்கைக்கோளே கிடையாது. பிறகு அளந்தபோது அப்படியே இருந்தது. மனாபேவுக்கு 2021-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அதேபோல் பகலைவிட இரவு வேகமாகச் சூடாகிறது. சூரியன் இல்லாத நேரத்தில் சூடு கூடுகிறது என்றால், அது வெளியே போக வேண்டிய சூடு போகாமல் தங்குகிறது என்றுதான் அர்த்தம்.

பனியுகம்: பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் வருடங்களில் மெல்ல மாறுவதால் தொடங்குவது. முதலில் லேசாகச் சூடாகும், கடல் கரியமில வாயுவை விடும், அது சூட்டைப் பெருக்கும். அன்று வாயு பின்தொடர்ந்து வந்தது, இன்று நாம் அதை முன்னால் அனுப்புகிறோம். இரண்டிலும் வாயு செய்யும் வேலை ஒன்றுதான். பனியுகத்திலிருந்து மீள 4-லிருந்து 7 டிகிரி வரை ஏறப் பல ஆயிரம் வருடங்கள் ஆயின. நாம் ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றிவிட்டோம். 2021-ல் வந்த, ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி அறிக்கையில், 1850-1900 காலத்தோடு ஒப்பிட 2010-19-ல் மனிதனால் கூடியது 1.07 டிகிரி. சூரியன், எரிமலை சேர்ந்த இயற்கையின் பங்கு பூஜ்யத்தை ஒட்டி.

ஏசிகேஸ்_சேலம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஏசி சர்வீஸ் தொழிலில் இருப்பவன். இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டேன். எல்லாரும் கரியமில வாயுவைப் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் தினமும் கையாளும் கேஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆர்-22 சிலிண்டரில் ஓசோனைக் கெடுக்கும் என்று இருக்கும், தெரியும். சூடாக்கும் விஷயத்திலும் இதற்குப் பங்கு உண்டா சார்?

சோதனைச்சாலை எழுதியது:

தம்பி, உண்டு, அதுவும் பெரிய பங்கு. அதைக் கண்டுபிடித்தவரே உங்கள் தொழிலிலிருந்து வந்தவர்தான்.

வீரபத்ரன் ராமநாதன், 1944-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். முதல் வேலை செகந்தராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி நிறுவனத்தில். பெட்டியிலிருந்து கேஸ் ஏன் கசிகிறது, எப்படி நிறுத்துவது என்று பார்ப்பதுதான் வேலை. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா. 1974-ல் மொலினாவும் ரோலண்டும் குளோரோஃபுளோரோகார்பன் (ஆர்-22-க்கு நெருங்கிய குளிர்பதன வாயு) ஓசோனை அழிக்கும் என்று எழுதினார்கள். அந்த வாயு வெப்பத்தை எவ்வளவு பிடிக்கும் என்று ராமநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தார். 1975-ல் முடிவை வெளியிட்டார்: ஒரு மூலக்கூறு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கரியமில வாயு மூலக்கூறுகளுக்குச் சமம்.

அதுவரை கரியமில வாயு ஒன்றைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது ஏன் இவ்வளவு வலுவானது என்றால், 8-லிருந்து 12 மைக்ரான் வரையிலான கதிரை நீராவியும் பிடிப்பதில்லை, கரியமில வாயுவும் பிடிப்பதில்லை. பூமியின் சூடு தடையில்லாமல் வெளியேறும் வழி அது. உங்கள் கேஸ் போய் அந்த வழியில் நிற்கிறது. முதலில் பார்த்த 0.04 கேள்விக்கும் இதுவே பதில். காற்றில் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லாத வாயு அது.

ஏசிகேஸ்_சேலம் எழுதியது:

சார், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் தொழிலில் நடப்பதை இங்கே சொல்ல வேண்டும்.

ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியில் ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் இருக்கும். ஆர்-22 என்றால் ஒரு கிலோ, நூறு வருடக் கணக்கில் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-410 ஏ 2,000 கிலோவுக்கு மேல். ஆர்-32 675 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரித்தால் 2.3 கிலோ வருகிறது என்கிறார்கள். அப்படியானால் ஓர் ஏசியிலிருந்து ஆர்-22 முழுசாக வெளியே போனால் ஏறக்குறைய 780 லிட்டர் பெட்ரோல் எரித்த மாதிரி.

கூலிங் வரவில்லை என்று கூப்பிடுவார்கள். கேஜ் போட்டால் பிரஷர் குறைவாகக் காட்டும். கசிவு எங்கே என்று தேட நேரம் பிடிக்கும்: நைட்ரஜன் ஏற்ற வேண்டும், ஃபிளேர் நட், காயில் முனை எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி முட்டை விடுகிறதா பார்க்க வேண்டும். அதற்குக் கூலி கேட்டால் பல வீட்டில் தரமாட்டார்கள். "கேஸை மட்டும் போட்டுவிட்டுப் போங்கள்" என்பார்கள். போட்டால் அடுத்த கோடைக்குள் அதுவும் போய்விடும், மறுபடி போடுவோம். பழுதான கம்ப்ரசரை மாற்றும்போது இருக்கிற கேஸை ரெகவரி மெஷினில் பிடிக்க வேண்டும். அந்த மெஷின் எத்தனை பேரிடம் இருக்கிறது? வால்வைத் திறந்து வெளியே விடுவதுதான் நடக்கிறது. உஸ் என்று ஒரு சத்தம், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மணமும் இல்லை, நிறமும் இல்லை, அதனால் யாருக்கும் உறுத்துவதில்லை. மெக்கானிக்குகளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. கற்றுக்கொடுக்கவும் ஆள் வேண்டும், மெஷின் வாங்க உதவியும் வேண்டும்.

சோதனைச்சாலை எழுதியது:

இதை எழுதியதற்கு நன்றி தம்பி. பலர் படிக்க வேண்டும். 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் குளோரோஃபுளோரோகார்பனை நிறுத்தியது. ஓசோனுக்காகச் செய்தார்கள், வெப்பமயமாதலும் அதனால் ஓரளவு தடுக்கப்பட்டது. அடுத்து வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனைத் தொடாது, ஆனால் சூட்டைப் பிடிக்கும். அவற்றைக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் திருத்தம் வந்தது, 2021-ல் இந்தியாவும் சேர்ந்தது. முழுசாக நிறைவேறினால் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் அரை டிகிரி வரை தவிர்க்கலாம். ஒரே ஒப்பந்தத்தில் அரை டிகிரி.

வெண்ணாறு எழுதியது:

நான் தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் செய்பவன். எல்லாம் படித்தேன். ஆனால் ஒரு வருத்தம். இந்தப் பேச்சு எங்கே போனாலும் கடைசியில் நெல்வயலில் மீத்தேன் வருகிறது, மாடு ஏப்பம் விடுகிறது என்று எங்கள் தலையில்தான் வந்து விடிகிறது. இருநூறு வருடமாக நிலக்கரியை எரித்துப் பணக்காரன் ஆனது யார்? அமெரிக்காக்காரன் ஒருவன் வருடத்துக்கு எவ்வளவு விடுகிறான், நாம் எவ்வளவு விடுகிறோம்? அதையும் எழுதுங்கள்.

கணக்குப்பேரேடு எழுதியது:

எழுதுகிறேன் ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. கரியமில வாயு மட்டும் பார்த்தால் இந்தியாவில் ஆளுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 2 டன். அமெரிக்காவில் 14 டன்னை ஒட்டி. இன்று வரை சேர்ந்த மொத்தத்தில் அமெரிக்காவின் பங்கு மட்டும் ஏறக்குறைய கால்வாசி. இந்தியாவுடையது நூற்றுக்கு மூன்று, நான்கு. பழைய பாக்கியைப் பேசாமல் புதிய கணக்கை மட்டும் பேசுவது சரியில்லை. ஆனால் நம் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி நிலக்கரியில்தான் வருகிறது. அவர்கள் செய்தார்கள் என்பதற்காக நம் கோடை குறையப்போவதில்லையே.

சோதனைச்சாலை எழுதியது:

நெல் பற்றிச் சொல்ல ஒரு வரலாறு இருக்கிறது, வெண்ணாறு ஐயா. 1990-ஐ ஒட்டி அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, இந்திய நெல்வயல்கள் வருடத்துக்கு 3.7 கோடி டன் மீத்தேன் விடுவதாக ஒரு கணக்கைக் கொடுத்தது. எங்கோ வேறு நாட்டு வயல்களில் எடுத்த அளவை நம் வயல்பரப்பால் பெருக்கி வந்த எண் அது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஆஷேஷ் பிரசாத் மித்ரா தலைமையில் 1991-ல் நாடு முழுக்க வயல்களில் இறங்கி அளந்தார்கள். வந்தது சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு. அதே வருடம் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் பிழைப்புக்காக வாயுவை வெளிவிடுவதையும் ஆடம்பரத்துக்காக வெளிவிடுவதையும் ஒரே தட்டில் நிறுக்கக் கூடாது என்று எழுதினார்கள். நான் அந்தக் கட்சிதான்.

ஆனாலும் வயலில் மீத்தேன் வருவது உண்மை. நீர் நிற்கும் சேற்றில் கால் வைத்தால் குமிழி வருமே, அதில் மீத்தேன் இருக்கிறது. காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் மட்கும் வைக்கோலை மீத்தேனாக்குகின்றன. வெளியே வருவதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வருகிறது. 20 வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் 80 மடங்கு சூட்டைப் பிடிக்கும், ஆனால் பன்னிரண்டு வருடத்தில் பெரும்பாலும் சிதைந்துவிடும். இன்று குறைத்தால் நம் ஆயுளிலேயே பலன் தெரியும் வாயு அது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது இடையிடையே வயலைக் காயவிட்டு, நீர் கட்டினால் மீத்தேன் கணிசமாகக் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

வெண்ணாறு எழுதியது:

மித்ரா பற்றி எனக்குத் தெரியாது சார், தெரிந்துகொண்டேன். காய்ச்சலும் பாய்ச்சலும் எங்களுக்குப் புதிதில்லை. துளை போட்ட பிவிசி குழாயை வயலில் பதித்து, உள்ளே நீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சச் சொல்வார்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. வேர் நன்றாக இறங்குகிறது, நீரும் மிச்சம். போர்வெல் வைத்திருப்பவர் தாராளமாகச் செய்யலாம்.

ஆற்றுப்பாசனத்தில் அப்படியில்லை. முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். கடைமடையில் இருப்பவனுக்கு அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாது. வந்த தண்ணீரை வடியவிடு என்றால் எவன் விடுவான்? தண்ணீர் இந்தத் தேதிக்கு நிச்சயம் வரும் என்று சொல்லிவிட்டு அப்புறம் எங்களிடம் மீத்தேன் பேசட்டும். நாங்களே செய்துவிடுவோம்.

தெப்பக்குளம் எழுதியது:

ஐயா சொல்வது முழுக்க நியாயம். இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

நான் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் கிடைத்திருக்கிறது, எல்லாருக்கும் நன்றி. சேலம் தம்பிக்கு ஒரு கேள்வி. அடுத்த மாதம் வீடு மாறுகிறேன். பழைய ஆர்-22 ஏசி ஒன்று இருக்கிறது. கழற்றும்போது கேஸ் வீணாகாமல் எப்படிக் கழற்றுவது? வருகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

ஏசிகேஸ்_சேலம் எழுதியது:

"பம்ப் டவுன் செய்துதான் கழற்ற வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அண்ணா. ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, அவுட்டோர் யூனிட்டில் சின்ன பைப் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். கம்ப்ரசர் மொத்த கேஸையும் அவுட்டோருக்குள் இழுத்துக்கொள்ளும். கேஜ் முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பெரிய பைப் வால்வையும் மூடி, உடனே ஏசியை ஆஃப் செய்ய வேண்டும். கேஜ் இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

புது வீட்டில் மாட்டும்போது ஃபிளேரை, அதாவது பைப்பின் விரிந்த முனையை, புதிதாக வெட்டச் சொல்லுங்கள், பழையதையே இறுக்கினால் கசியும். பைப்பில் உள்ள காற்றை எடுக்க வாக்யூம் பம்ப் போடச் சொல்லுங்கள். சிலர் நேரம் மிச்சம் என்று கேஸையே திறந்துவிட்டு அதன் வேகத்தில் காற்றை வெளியேற்றுவார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசியில் இரண்டு வால்வின் பித்தளை மூடிகளையும் இறுக்கிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டச் சொல்லுங்கள். அந்த மூடி இல்லாமல் ஓடும் ஏசிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.